சுவாசப்பைச் சத்திரசிகிச்சையிற் பிராணவாயு

சத்திரவைத்தியத்தின் வரலாற்றை ஆராய்வார்க்கு ஓர் உண்மை வியப்பை விளைவிக்கும். பண்டைக் காலத்திலேயே மண்டையோட்டைத் துளைத்தனர். கண்ணிற் படலம் நீக்கினர். சிறுநீர்ப்பையைக் கீறிக் கல்லெடுத்தனர். அழுகிய கைகால்களைத் துணித்து உயிர் காத்தனர். ஆயினும், மார்பறையைத் திறந்து சுவாசப்பையைத் தொடுதற்கு இருபதாம் நூற்றாண்டு பிறக்குமளவும் வைத்தியர் அஞ்சியே நின்றனர். ஒரோவழித் துணிந்தாரும் பெரும்பாலும் தோல்வியே கண்டனர். கைத்திறம் இன்மையால் வந்த அச்சம் அன்று இது. மார்பு திறந்த சிறிது பொழுதில் நோயாளியின் மூச்சுத் தடுமாறி, உடல் நீலம் பாய்ந்து, உயிர் நீங்குதலை அவர்கள் கண்டிருந்தனர்.

இத்தடை நீங்கியது கூரிய கத்தியால் அன்று; மூச்சின் இயல்பை ஆராய்ந்த அறிவால். அவ்வறிவின் முதற்கூறு வேண்டிய காலத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னரே தோன்றியும், சத்திரவைத்தியர் கைக்கு எட்டாது கிடந்தது. அறிவு உலகில் எங்கோ இருத்தல் வேறு. அது வேண்டியவர் கையிற் சேர்தல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்து, உடலின் கூற்றையும் தொழிலையும் தமிழிலே கற்பித்த ஒரு வைத்தியர் ஈழத்தில் முதன்முதல் வந்து தங்கிய ஊர் வட்டுக்கோட்டை. ஆதலின், சுவாசப்பைச் சத்திரசிகிச்சையின் வரலாற்றையும் அவ்வூரிற் கால்கொண்ட மருத்துவக் கல்வியின் வரலாற்றையும் ஒருங்குவைத்து நோக்குதல் பயனுடைத்து.

மார்பறையின் இயல்பு

சுவாசப்பை தானே விரிந்து சுருங்கும் தசையன்று. அது நொய்தான கடற்பஞ்சு போன்றது. விட்டுவிடின் சுருங்குதலே அதன் இயல்பு. அதனைச் சூழ்ந்து இரண்டு மெல்லிய உறைகள் உள. ஒன்று சுவாசப்பையின்மேற் படிந்தது. மற்றையது மார்புச் சுவரின் உட்புறத்தை ஒட்டியது. இவ்விரண்டுக்கும் இடையே சிறிதளவு நீர் தவிரப் பிறிதொன்றும் இல்லை. அவ்விடத்து அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்தினும் சற்றுக் குறைந்திருத்தலால், விலா எலும்புகள் உயர்ந்து பிரிமென்றகடு தாழும்போது சுவாசப்பையும் உடன் விரிகின்றது. காற்று உள்ளே புகுகின்றது.

மார்புச் சுவரை ஒருபுறம் கீறிய அக்கணமே வெளிக்காற்று அவ்விடையிற் பாய்கிறது. அமுக்க வேறுபாடு அழிதலால் அப்பக்கத்துச் சுவாசப்பை சுருங்கிவிடுகிறது. அதனோடு தீங்கு நில்லாது. நோயாளி தானே மூச்செடுக்க முயலுந்தோறும், நடுவே நிற்கும் இருதயமும் பெருங்குருதிக் குழாய்களும் இப்பாலும் அப்பாலும் அசைகின்றன. நல்ல சுவாசப்பை வெளிக்காற்றை இழுப்பதோடு, சுருங்கிய சுவாசப்பையிலுள்ள பழங்காற்றையும் சேர்த்து இழுக்கின்றது. விடும்போது அதனையே அதற்குத் திருப்பிக் கொடுக்கின்றது. இங்ஙனம் பயனற்ற காற்று ஒருபுறமிருந்து மறுபுறம் ஊசலாட, கரியமிலவாயு பெருகுகிறது, பிராணவாயு குன்றுகிறது.

ஓய்ந்திருக்கும் வளர்ந்த மனிதன் உடல் நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் பிராணவாயுவைச் செலவிடுகின்றது. உணவைப்போல நாட்கணக்கில் அதனைச் சேமித்துவைக்க உடலில் இடமில்லை. வரவு முற்றும் நின்றால் மூளை தாங்குவது சில நிமிடங்களே. சத்திரவைத்தியனுக்கோ மணிக்கணக்கான காலம் வேண்டும். அச்சில நிமிடங்களை மணிகளாக நீட்டுதல் எங்ஙனம் என்பதே இத்துறையின் வினாவாக அமைந்தது.

வட்டுக்கோட்டையிற் கால்கொண்ட கல்வி

யாழ்ப்பாணத்தில் மேனாட்டு வைத்தியம் அமெரிக்க மிஷனோடு வேரூன்றியது. டாக்டர் யோன் ஸ்கடர் 1819 இன் இறுதியில் யாழ்ப்பாணம் வந்து, 1820 இல் வட்டுக்கோட்டைக்கு அயலூராகிய பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி தொடங்கினார். 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி எழுந்தது. கணிதமும் வானசாத்திரமும் இயற்கை நூலும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஸ்கடர் 1836 இற் சென்னை சென்றார்.

1846 ஒக்டோபர் 16 ஆம் நாள், அமெரிக்காவிற் பொஸ்தன் நகர வைத்தியசாலையில், ஈதர் ஆவியை முகரச்செய்து நோவறியாது சத்திரசிகிச்சை செய்யும் முறை யாவரும் காணக் காட்டப்பட்டது. ஆறு மாதங்கள் கழித்து, 1847 ஏப்ரிலில், அதே நகரத்துத் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் ஊரில் 1822 இற் பிறந்த அவர், அவ்வாண்டு ஒக்டோபரில் வட்டுக்கோட்டையை அடைந்தார். மறுவருடம் மானிப்பாய்க்கு இருப்பிடத்தை மாற்றி, அங்கேயே வைத்தியசாலையும் மருத்துவ வகுப்பும் நடத்தினார். 1857 வரையும், மீண்டும் 1862 முதல் 1873 வரையும் அவர் பணி நிகழ்ந்தது.

முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த கிறீன், 1864 முதல் தமிழிலே கற்பிக்கலானார். ஆங்கிலம் கற்ற வைத்தியர் அரசாங்க உத்தியோகம் நாடி ஊர்விட்டு நீங்குதலையும், தமிழிற் கற்றவர் தம் ஊரவரிடையே நிலைத்து நிற்பர் என்பதையும் அவர் எண்ணினார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின் மேற்பட்டோர்.

அவர் நூல்களை வெளியிட்ட முறையும் கருதத்தக்கது. கற்றர் என்பாரது நூலைத் தழுவிய ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ 1850களிலேயே தமிழில் வந்தது. அங்காதிபாதம் என்பது உடலின் கூறுகளை உரைப்பது; சுகரணவாதம் அவற்றின் தொழிலை உரைப்பது; உற்பாலனம் உடல்நலம் பேணுமாற்றை உரைப்பது. சத்திரசிகிச்சை பற்றிய ‘இரண வைத்தியம்’ அதன்பின் 1867 இலேதான் வெளிவந்தது. கிறே என்பாரது பெருநூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872 இலும், இரசாயன நூல் ‘கெமிஸ்தம்’ என 1875 இலும், டால்ற்றன் என்பாரது நூல் ‘மனுஷ சுகரணம்’ என 1883 இலும் வந்தன. தாயகம் மீண்ட பின்னரும் நூற்பணியை விடாத கிறீன், ‘மனுஷ சுகரணம்’ வந்த மறுவருடம், 1884 இல், காலமானார்.

கத்தியைப் பிடிக்குமுன் உடலின் தொழிலை அறிதல் வேண்டும் என்பதை இவ்வரிசை காட்டுகின்றது. அக்காலத்து மார்புச் சத்திரசிகிச்சை நீரையும் சீழையும் வடித்தல், காயங்களைக் கட்டுதல் என்னும் அளவில் நின்றது. ஈதரும் குளோரபோமும் நோவை நீக்கினவே அன்றி, மூச்சைக் காத்தில. மானிப்பாயில் மட்டுமன்று, இலண்டனிலும் பாரிசிலும் நிலைமை அதுவே.

மறக்கப்பட்ட சோதனை

மூச்சைக் காக்கும் வழியோ முன்னரே காட்டப்பட்டிருந்தது. 1543 இல் வெசேலியஸ் என்னும் உடற்கூற்று வல்லுநர், விலங்கொன்றின் மூச்சுக்குழலில் நாணற்குழலைச் செருகி ஊதினால் சுருங்கிய சுவாசப்பை மீண்டும் எழும் என்றும், இருதயம் வலிபெறும் என்றும் எழுதினார். 1667 இல் இலண்டன் றோயல் சங்கத்தார் முன்னிலையில் றொபேட் ஹூக் ஒரு படி மேற்சென்றார். நாயொன்றின் மார்பைத் திறந்து, சுவாசப்பையின் மேற்பரப்பிற் சிறுதுளைகளிட்டு, துருத்திகளால் இடையறாது காற்றைச் செலுத்தினார். சுவாசப்பை விரிந்து சுருங்காது அசைவற்று நின்றது. நாயோ உயிரோடு இருந்தது. சுவாசப்பையின் அசைவு உயிருக்கு இன்றியமையாததன்று, புதுக்காற்றின் வரவே இன்றியமையாதது என்பது அதனால் வெளிப்பட்டது. அக்காற்றிலுள்ள உயிர்தரு பொருளைச் சீலேயும், 1774 இற் பிறீஸ்லியும் பிரித்தறிந்தனர். லவோய்சியே அதற்கு ஒட்சிசன் எனப் பெயரிட்டார். சித்த வைத்திய நூல்கள் தசவாயுக்களுள் முதலாக வைத்தெண்ணிய பிராணனின் பெயரை இணைத்துத் தமிழர் அதனைப் பிராணவாயு என்றனர்.

ஹூக் காட்டிய வழி, உடற்றொழில் ஆராய்ந்தவர்களின் அறைகளுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. 1904 இல் பிரெஸ்லோ நகரில் இளைஞரான சவர்புறுக், மிக்குலிக்ஸ் என்னும் பேராசிரியரின் கீழ் இவ்வினாவை வேறொரு வகையால் விடுக்க முயன்றார். காற்றுப்புகாத அறையொன்றை அமைத்து, அதனுள் அமுக்கத்தைக் குறைத்து, நோயாளியின் உடலை உள்ளேயும் தலையை வெளியேயும் இருக்கச் செய்தார். சத்திரவைத்தியரும் துணைவரும் அவ்வறைக்குள்ளே நின்று தொழில் செய்தனர். மார்பு திறந்தபோதும் சுவாசப்பை சுருங்கவில்லை. ஒரு நோயாளியின் பொருட்டு ஓர் அறையின் காற்றையே மாற்றும் முயற்சி இது, கருத்தால் அரியது, செயலிற் பெருஞ்சுமை. அதே காலத்திற் பிறவேர் என்பவர் இதனைத் தலைகீழாக்கி, தலைப்புறத்தில் அமுக்கத்தை மிகுப்பினும் அதே பயன் உண்டாதலைக் காட்டினார்.

1909 இல் நியூயோர்க்கில் மெல்ற்சரும் ஔவரும், மூச்சுக்குழலில் ஒரு சிறு குழாயைச் செலுத்தி இடைவிடாது காற்றூதி விலங்குகளை உயிருடன் வைத்தனர். மறுவருடம் எல்ஸ்பேக் அதனை மனிதரிடத்துப் பயன்படுத்தினார். பெரிய அறை செய்த வேலையைச் சிறிய குழாய் செய்தது. ஹூக்கின் துருத்திக்கும் இக்குழாய்க்கும் இடைப்பட்ட காலம் 242 ஆண்டுகள். அவ்விடைக்காலத்தில் மாண்டோர், அறிவு இல்லாமையால் மாண்டவர் அல்லர். இருந்த அறிவு ஓரறையினின்றும் மற்றோர் அறைக்குச் செல்லாமையால் மாண்டவர் எனல் மிகையாகாது.

குழாயின் வளர்ச்சி

முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்க்கு இங்கிலாந்திற் சத்திரசிகிச்சை நிகழ்ந்தபோது, முகத்தை மூடாமல் மயக்கமருந்து கொடுக்க வேண்டிய தேவை எழுந்தது. அதன்பொருட்டு மகில், றோபொதம் என்பார் அகன்ற இறப்பர்க் குழாயை மூச்சுக்குழலிற் செலுத்தும் முறையைச் செம்மைப்படுத்தினர். 1928 இல் கெடலும் வோட்டர்சும் அக்குழாயைச் சுற்றி ஊதி விரிக்கத்தக்க சிறுபையைப் பொருத்தினர். அதனால் குழாய்க்கும் மூச்சுக்குழலுக்கும் இடையே காற்றும் கசியாது, நீரும் இறங்காது. இதனை மெய்ப்பிக்கக் கெடல் தம் நாயை மயக்கி, குழாயைப் பொருத்தி, நீர்த்தொட்டியுள் அமிழ்த்தி வைத்தார். பின்னர் நாய் எழுந்து நீரை உதறிக்கொண்டு சென்றது.

இதனையடுத்து, கேலும் வோட்டர்சும் குழாயை இன்னும் ஆழமாக ஒரு பக்கத்துக் கிளைக்குழலுட் செலுத்தி, ஒரு சுவாசப்பைக்கு மட்டும் காற்றளித்து மற்றையதை ஓயவிடும் முறையை 1930களின் தொடக்கத்தில் அறிவித்தனர். 1933 ஏப்ரில் 5 ஆம் நாள், அமெரிக்காவிற் செயின்ற் லூயிஸ் நகரில், எவாட்ஸ் கிறகாம் புற்றுநோயுற்ற ஒருவரின் இடப்புறச் சுவாசப்பை முழுவதையும் ஒரே முறையில் அகற்றி வெற்றி கண்டார். நோயாளியும் ஒரு வைத்தியரே. கிறகாம் 1957 இற் சுவாசப்பைப் புற்றுநோயாலேயே இறந்தார். அவர் காப்பாற்றிய நோயாளியோ எஞ்சிய ஒரு சுவாசப்பையோடு 1963 வரை வாழ்ந்தார்.

1942 இல் மொன்றியல் நகரத்துக் கிறிபித் தசைகளைத் தளர்த்தும் குராரே என்னும் மருந்தைச் சத்திரசிகிச்சையிற் புகுத்தினார். அதன்பின் நோயாளி தானே மூச்செடுக்க முயன்று மார்பறையைக் குலைக்கும் நிலை நீங்கி, அவருக்காக மூச்சுவிடும் பொறுப்பு முழுவதும் மயக்கமருந்து வைத்தியரின் கையில் வந்தது. 1949 இல் சுவீடன் நாட்டுக் கார்லென்ஸ் இரட்டைவழிக் குழாயை அமைத்தார். இரு சுவாசப்பைகளின் திறனையும் தனித்தனி அளப்பதற்கென்றே அது முதலில் ஆக்கப்பட்டது. மறுவருடமே பியோர்க் என்பவரோடு சேர்ந்து அதனைச் சத்திரசிகிச்சைக்குப் பயன்படுத்தினார். இப்பொழுதும் அளக்கப் பிறந்த கருவியே உயிர்காக்கும் கருவியாயிற்று.

பண்டத்தரிப்பிலிருந்து வேலூருக்கு

தமிழ் நிலத்தில் இக்கலையின் தேவையை மிகுவித்தது சயரோகம் எனப்படும் காசநோய். மருந்து இல்லாத அந்நாளில், நோயுற்ற சுவாசப்பைக்கு ஓய்வு கொடுத்தலே சிகிச்சையாகக் கொள்ளப்பட்டது. இரண்டு உறைகளுக்கும் இடையே வேண்டுமென்றே சிறிது சிறிதாகக் காற்றைச் செலுத்திச் சுவாசப்பையைச் சுருங்கவைப்பர். சத்திரவைத்தியன் அஞ்சிய அதே நிகழ்ச்சி, அளவோடு செய்யப்பட்டபோது மருந்தாக எண்ணப்பட்டது. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் எழுந்த சானற்றோரியம் தென்னிந்தியாவில் இத்தகைய சிகிச்சைக்குப் பெயர்பெற்றது.

பண்டத்தரிப்பிற் பணி தொடங்கிய யோன் ஸ்கடரின் பேத்தியாகிய ஐடா ஸ்கடர், 1900 இல் வேலூரில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். 1918 இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். அதுவே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1940களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து டாக்டர் றீவ் பெற்ஸ் அங்கு வந்து, இந்தியாவில் மார்புச் சத்திரசிகிச்சைக்கென முதன்முதல் தனித்துறை அமைத்தார். யாழ்ப்பாணத்து ஒரு சிற்றூரில் தொடங்கிய குடும்பப் பணி, நூற்றாண்டு கடந்து, மார்பறையைத் திறக்கும் கலைக்குத் தமிழ் நிலத்தில் இல்லம் அமைத்தது.

சயரோகிகளுக்குச் செய்யும் சத்திரசிகிச்சையில் வேறோர் இடர் இருந்தது. நோயாளி ஒருக்களித்துக் கிடக்கும்போது, மேற்புறத்து நோயுற்ற சுவாசப்பையின் சளியும் சீழும் கீழ்ப்புறத்து நல்ல சுவாசப்பைக்குள் வடிந்து அதனையும் அடைத்துவிடும். இரட்டைவழிக் குழாய் இரு பக்கங்களையும் பிரித்துவைத்து இவ்விடரைத் தடுத்தது. காலப்போக்கிற் ஸ்திரெப்டோமைசின், 1952 இல் வந்த ஐசோனியாசிட் ஆகிய மருந்துகள் சயரோகத்தின் கொடுமையைத் தணித்தன. 1956 இற் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், மருந்தை ஒழுங்காக உட்கொள்பவர் வீட்டிலிருந்தே குணமடையலாம் என்பதை 1959 இல் நிறுவியது. சயரோகத்துக்கான சத்திரசிகிச்சை அருகியது. புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சை பெருகியது. மூச்சைக் காக்கும் வினாவோ அவ்வாறே நின்றது.

ஒரு சுவாசப்பையில் உயிர்வாழ்தல்

இக்காலத்தில் சத்திரவைத்தியர் தொழில் செய்யும் பக்கத்துச் சுவாசப்பைக்குக் காற்றை நிறுத்தி, அது அசையாது சுருங்கிக் கிடக்கச் செய்வர். மற்றையதே உடல் முழுவதையும் தாங்கும். காற்று ஒரு பக்கம் மட்டும் செல்கின்றது. குருதியோ இரு பக்கமும் செல்கின்றது. காற்றில்லாத பக்கத்தைக் கடந்து வரும் குருதி பிராணவாயு பெறாமலே வந்து நற்குருதியோடு கலக்கிறது. எனவே, நல்ல சுவாசப்பைக்குத் தூய பிராணவாயுவை எவ்வளவு கொடுப்பினும், கலப்பினால் வரும் குறை முற்றும் தீர்வதில்லை. காற்றை மிகுத்தல் மட்டும் போதாது. காற்று உள்ள இடத்துக்குக் குருதியும் செல்லவேண்டும்.

இதற்கு உடலே ஒரு வழி வைத்திருக்கின்றது. சுவாசப்பையின் எப்பகுதியிற் பிராணவாயு குன்றுகின்றதோ, அப்பகுதிக் குருதிக் குழாய்கள் தாமே சுருங்குகின்றன என்பதை 1946 இல் சுவீடன் நாட்டு வொன் ஒயிலரும் லில்ஜெஸ்திறாண்டும் கண்டனர். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் ஒரு பாத்தியின் வாயை மண்ணால் அடைத்து, வாய்க்கால் நீரை வேண்டிய பாத்திக்குத் திருப்புதல் போன்றது இது. நோயாளி ஒருக்களித்துக் கிடத்தலால், குருதி தன் எடையாலும் கீழ்ப்புறத்து நல்ல சுவாசப்பையை நாடுகின்றது. இவ்விரண்டாலும் வீணாகும் குருதியின் பங்கு பெரிதும் குறைகின்றது. முகரச்செய்யும் மயக்கமருந்துகள் அளவு மிகின் இவ்வியற்கைக் காப்பைத் தளர்த்தும். ஆதலின் அவற்றை அளந்தே கொடுப்பர்.

பிராணவாயு தாழுமாயின் மயக்கமருந்து வைத்தியர் செய்யும் செயல்கள் யாவும் இவ்வுண்மைகளிலிருந்தே பிறப்பன. முதலிற் கொடுக்கும் பிராணவாயுவை முழு அளவாக்குவர். குழாய் இடம்பெயர்ந்ததா என்பதை மெல்லிய ஒளிநார்க் குழல்கொண்டு பார்ப்பர்; பலமுறை குற்றம் அங்கேயே இருக்கும். நல்ல சுவாசப்பையின் நுண்ணறைகள் மூடாதிருக்க, மூச்சு வெளிவந்த பின்னரும் சிறிது அமுக்கத்தை நிறுத்திவைப்பர். ஓய்ந்திருக்கும் சுவாசப்பைக்கும் அசைவு தோன்றாத அளவிற் சிறிது பிராணவாயுவைச் செலுத்துவர். ஹூக்கின் அசைவற்ற சுவாசப்பை இவ்விடத்து நினைவுக்கு வரும். இவை போதாவிடின் சத்திரவைத்தியரை நிறுத்தச் சொல்லி, இரு சுவாசப்பைகளையும் மீண்டும் விரியச் செய்வர். சுவாசப்பையை முழுதும் அகற்றுவதாயின், அதற்குச் செல்லும் பெருங்குழாயைக் கட்டியவுடன் வீண்கலப்பு நின்று குறையும் நீங்கும்.

இவற்றையெல்லாம் உரிய நேரத்திற் செய்ய, குறையை உடனே அறிதல் வேண்டும். உதடும் நகமும் நீலம் பாய்தலே பண்டை அடையாளம். அது தோன்றுமுன் காலம் கடந்துவிடும். 1950களில் கிளாக் அமைத்த மின்முனை குருதியின் பிராணவாயுவை அளந்தது. 1970களின் தொடக்கத்தில் யப்பானியரான அயோயாகி, விரலினூடே ஒளியைச் செலுத்தி, நாடித் துடிப்போடு மாறும் ஒளியைக் கொண்டே பிராணவாயுவின் அளவை அறியும் வழியைக் கண்டார். ஊசியின்றி, இடைவிடாது, கணந்தோறும் அளவு தெரியலாயிற்று.

முடிவு

2020 இல் உலகைச் சூழ்ந்த கொள்ளைநோயின்போது, இக்கருவி சத்திரசிகிச்சை அறையை விட்டுச் சிற்றூர் வீடுகளுக்கும் வந்தது. கல்லாதவரும் தம் விரலிற் பூட்டி எண்ணைப் படித்தனர். எண் தெரிந்தது; எண்ணின் பொருள் எத்துணைப் பேருக்குத் தெரிந்தது? கருநிறத் தோலுடையாரிடத்து இக்கருவி சிலவேளை உண்மையளவினும் மிகுத்துக் காட்டும் என்பது ஆராய்ச்சியால் தெளிந்த செய்தி. இது தமிழர் இல்லந்தோறும் தெரிந்திருக்கவேண்டியது, தெரிந்தவரோ சிலர்.

கிறீன் தொடக்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைத்திலது. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மருத்துவ பீடம் தோன்றியபோது ஆங்கிலமே போதனாமொழியாயிற்று. உலகத்தோடு ஒட்ட ஒழுகும் வைத்தியருக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும், மார்பைத் திறக்க உடன்பட்டுக் கையொப்பமிடும் நோயாளியும், வாயிலிற் காத்திருக்கும் அவர் மனைவி மக்களும், தம் மூச்சு எங்ஙனம் காக்கப்படும் என்பதைத் தம் மொழியில் அறியும் உரிமையுடையர்.

ஹூக்கின் துருத்தி உண்மையை உரைத்தது, கேட்கவேண்டியவர் கேட்டிலர், 242 ஆண்டுகள் வீணாயின. ஓர் அறைக்கும் மறு அறைக்கும் இடையே நின்ற சுவர் அத்துணை உயிர்களைக் கொண்டதாயின், மொழிக்கும் மொழிக்கும் இடையே நிற்கும் சுவரைச் சிறிதென எண்ணுதல் தகாது. அச்சுவரில் வாயில் திறக்கும் பணியை மானிப்பாயிற் செய்து காட்டினார், வட்டுக்கோட்டையில் வந்திறங்கிய அவ்வைத்தியர். அவ்வாயில் தூர்ந்துபோகாமற் காத்தல் பின்வந்தோர் கடன்.